பத்து நாற்பதுக்குக் கேட்கும் குரல்

நீல அட்டை போட்ட அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்திலும் ஸ்கேல் வைத்து ஐந்து கட்டங்கள் போட்டிருக்கிறேன்: கிழமை, பொம்மை, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், கேட்ட ஒலி. முதல் நாற்பது பக்கங்களில் ஐந்தாவது கட்டம் பெரும்பாலும் காலி. அங்கங்கே 'ம்' என்றோ 'சிரிப்பு' என்றோ இருக்கும். ஒரு பக்கத்தில் 'இருமல்' என்றுகூட எழுதியிருக்கிறேன். எழுத வேறொன்றும் இல்லாததால்தான் அதை எழுதினேன்.

திருமணத்துக்கு முன் மதுரையில் ஒரு மருத்துவமனை லேபில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். மாதிரியின் எண், வந்த நேரம், பார்த்த நேரம், முடிவு என்று வரிசையாகக் குறிக்கும் பழக்கம் அங்கே வந்தது. அமெரிக்கா வந்த பிறகு குறிப்பதற்கு மாதிரிகள் இல்லாமல் போனாலும் பழக்கம் போகவில்லை. அப்போது நாங்கள் நியூ ஜெர்சியில் பிளெய்ன்ஸ்பரோவில் ஒரு பெரிய அபார்ட்மென்ட் வளாகத்தில் இரண்டாவது மாடியில் இருந்தோம். கணவர் காலை ஏழு ஐந்துக்குக் கிளம்பி, ப்ரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயில் பிடித்து வேலைக்குப் போவார். ஒன்பது வயது மகள் எட்டு நாற்பதுக்குப் பள்ளி பஸ் ஏறுவாள். அதன் பிறகு வீட்டில் நானும் மகனும்தான்.

மகனுக்கு மூன்றரை வயது முடிந்தும் பேச்சு வரவில்லை. காது நன்றாகக் கேட்டது. சொன்னது புரிந்தது. ஷூவைக் கொண்டு வா என்றால் கொண்டு வருவான். ஆனால் வாயிலிருந்து ஒரு சொல் வராது. பேச்சுப் பயிற்சி தரும் தெரபிஸ்டிடம் அழைத்துப் போனோம். அந்த அம்மாள் அன்பானவர். இரண்டு மொழி கேட்டுக் குழந்தை குழம்பிப் போயிருக்கிறான், வீட்டில் இனி ஆங்கிலம் மட்டும் பேசுங்கள், பொம்மைகளை வைத்துக்கொண்டு சின்னச் சின்ன வாக்கியமாகச் சொல்லிக் கொடுங்கள், என்ன ஒலி எழுப்புகிறான் என்று குறித்துக்கொண்டு வாருங்கள் என்றார். அந்தக் காலத்தில் எங்களைப் போன்ற குடும்பங்கள் பலவற்றுக்கும் அதே அறிவுரைதான் கிடைத்தது. ஐந்து வயதில் கிண்டர்கார்டன் சேர்க்கும்போதும் பேசாமல் இருந்தால் தனி வகுப்புக்குத்தான் அனுப்புவார்கள் என்றும் சொன்னார். அதைக் கேட்ட அன்று மாலையே நோட்டு வாங்கிவிட்டேன்.

சொன்னதைச் சொன்னபடி செய்கிறவள் நான். அன்றிலிருந்து வீட்டில் தமிழ் நின்றது. தமிழ் கேசட்டுகளை ஒரு ஷூ பெட்டியில் போட்டுப் பரணில் வைத்தேன். ஊருக்குப் போன் பேசுவதை அவன் தூங்கும் நேரத்துக்கு மாற்றினேன். நானும் கணவரும் மனம் விட்டுப் பேச வேண்டுமென்றால் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தி எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுக்கொள்வோம். மாமனாருக்கு ஆபரேஷன் என்ற செய்தியை அவர் எனக்குச் சொன்னதும் அங்கேதான். "ஊர்ல பாதிப் பேரு வீடு கட்டி பால்கனில உக்காந்து பேசறான். நாம கமோடு மேல உக்காந்து பேசறோம்" என்பார்.

வெளியே வந்தால் எங்களுக்குள் பேச ஒன்றும் இருக்காது. என் ஆங்கிலம் பாடப் புத்தக ஆங்கிலம். "திஸ் இஸ் எ ரெட் பால். த பால் இஸ் ரோலிங்." மகள் ஒரு நாள் நின்று கேட்டுவிட்டு, "அம்மா, யூ சவுண்ட் லைக் எ கேசட்" என்று சொல்லிப் போனாள். சிரித்தேன். ஆனால் அன்று முழுக்க என் குரல் எனக்கே எங்கோ பக்கத்து அறையில் ஓடுவது போலக் கேட்டது.

பொம்மைகளை வரிசையாக எடுத்துப் பார்த்தோம். பெரும்பாலும் வீட்டு வாசலில் பழைய சாமான் விற்கும் கராஜ் சேலில் வாங்கியவை. ஒன்றோடொன்று பூட்டும் ப்ளாஸ்டிக் கட்டைகள்: இரண்டு வாரம், இருபத்தாறு மணி நேரம், மூன்று 'ம்'. மரத் தண்டவாளமும் ரயிலும்: பத்து நாள், ரயில் சத்தம்கூட இல்லை. கோலிக்குண்டு உருண்டு இறங்கும் குழாய்ச் சரிவு: ஒரு சிரிப்பு. கயிற்றை இழுத்தால் மாடு கத்தும், கோழி கூவும் வட்டப் பெட்டி ஒன்று இருந்தது. அதன் கயிற்றை இழுத்து, காதை வைத்து, அது ஓயும் வரை கேட்பான். ஓய்ந்ததும் பெட்டியைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்ப்பான். நான் பக்கத்தில் உட்கார்ந்து "கவ்", "ஹென்" என்று சொல்லிக்கொண்டிருப்பேன். என் பக்கம் திரும்ப மாட்டான்.

இப்படிப் பதினான்கு மாதம் போனது.

அந்தக் குளிர்காலத் தொடக்கத்தில் மகளின் பிறந்தநாளுக்குக் கணவர் ஒரு வாக்கி-டாக்கி கிட் வாங்கி வந்தார். உள்ளே போகும் பலகை தயாராகவே வந்தது. எண் பார்த்து வயர்களை மாட்டி, ஸ்பீக்கரைத் திருகி, மஞ்சள் பெட்டிக்குள் வைத்து மூட வேண்டியது எங்கள் வேலை. மகள் வழிமுறைத் தாளை வாசிக்க, நான் திருகாணிகளை முட்டை ட்ரேயில் பிரித்து வைக்க, மகன் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தான். இரண்டு சனிக்கிழமைகள், மொத்தம் ஐந்து மணி நேரம். இரண்டு பெட்டிகளும் ஆயின. போட்டால் மேலே சிவப்பு விளக்கு எரியும். பக்கவாட்டுப் பொத்தானை அழுத்திப் பேச வேண்டும், விட்டுவிட்டுக் கேட்க வேண்டும்.

முதல் சோதனைக்கு மகள் ஒன்றை எடுத்துக்கொண்டு பார்க்கிங் லாட்டுக்கு இறங்கினாள். நான் ஜன்னலோரம் நின்றேன். அவள் பேசியது இரைச்சலோடு கேட்டது. பேசி முடித்து அவள் பொத்தானை விட்ட பிறகு இரைச்சலுக்கு அடியில் இன்னொரு சத்தம் இருந்தது. யாரோ மூச்சு விடுவது போல. சின்ன மூச்சு. மிகச் சீராக, அவசரமே இல்லாமல். மைக்கின் அருகே வாயை வைத்து மூச்சு விடாதே என்று மகளிடம் சொன்னேன். கீழே அவள் கையை நீட்டிப் பெட்டியைத் தன்னிடமிருந்து தூரத்தில் பிடித்துக் காட்டினாள். மூச்சு நிற்கவில்லை.

"தட்ஸ் நாட் மீ, அம்மா" என்றாள்.

மகன் என் இடுப்பளவில் நின்று பெட்டியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். காற்று என்று அவனிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். நோட்டிலும் 'காற்று' என்றே எழுதினேன்.

ஒரு வாரத்தில் மகளுக்கு அதில் ஆர்வம் போய்விட்டது. பெட்டி ஒன்று மகனிடம் தங்கியது. இன்னொன்றை நான் சமையலறை இழுப்பறையில் போட்டேன். இரண்டும் பக்கத்தில் இருந்தால் காதைக் கிழிப்பது போல ஊளையிட்டன.

பிறகு பாட்டரி தீரத் தொடங்கியது. சதுரமான ஒன்பது வோல்ட் பாட்டரி. மாற்றும்போது ஒரு துண்டு டேப்பில் கிழமை எழுதி அதன் மேல் ஒட்டுவேன். திங்கள் போட்டது வியாழன் செத்தது. வியாழன் போட்டது ஞாயிறு செத்தது. மகள் அதைத் தொடுவதில்லை. மகன் அதில் விளையாடி நான் பார்த்ததில்லை. ஆனாலும் மூன்று நாளுக்கு ஒருமுறை யாரோ அந்தப் பெட்டியைத் தீர்த்துக்கொண்டிருந்தார்கள். பேனாவால் சத்தத் திருகில் ஒரு புள்ளி வைத்தேன். மறுநாள் புள்ளி நகர்ந்திருந்தது.

கவனித்தேன். தினமும் காலை பத்து நாற்பது ஆனதும் அவன் செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்தினான். கடிகாரம் பார்க்கத் தெரியாத குழந்தை. கட்டை அடுக்கிக்கொண்டிருந்தால் கையிலிருந்த கட்டையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, மஞ்சள் பெட்டியை எடுத்துக்கொண்டு, ஹாலில் கோட்டு மாட்டும் க்ளாசெட்டுக்குள் போய்க் கதவை இழுத்துக்கொள்வான். இருபது நிமிடம் கழித்து வெளியே வருவான். முகம் தெளிந்து, கொஞ்சம் களைத்து, எங்கோ போய் வந்தவன் போல இருப்பான். நான் கதவைத் திறந்தால் பெட்டியை அணைத்துவிட்டு என்னையே பார்ப்பான். ஆகவே திறப்பதை நிறுத்திக்கொண்டு வெளியே நின்றேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை. துவைத்த துணிக் கூடை இடுப்பில் இருந்தது. கோட்டுகளுக்குள்ளிருந்து, தெளிவாக, நிதானமாக, ஒரு குழந்தைக் குரல் சொன்னது:

"அழுவாத சாமி. நா இருக்கறனல்லொ."

கூடையைக் கீழே வைத்தேனா, விழுந்ததா என்று நோட்டில் இல்லை. நேரம் இருக்கிறது: பத்து ஐம்பத்திரண்டு.

என் மகனின் முதல் பேச்சு அது. முழு வாக்கியம். அதுவும் பதினான்கு மாதமாக எங்கள் வீட்டில் யாரும் பேசாத மொழியில். அதுவும் எங்கள் வீட்டில் எந்தக் காலத்திலும் யாரும் பேசாத தமிழில். நான் மதுரைக்காரி. எங்கள் பக்கம் 'அழுகாதடா' என்போம். என் கணவரும் அந்தப் பக்கம்தான். குழந்தையைச் சாமி என்று கூப்பிடுவது கோயமுத்தூர், ஈரோட்டுப் பக்கம். அங்கே எங்களுக்கு உறவினரோ நண்பரோ இல்லை. எல்லாவற்றையும் விட, அது குழந்தை பேசும் தோரணை இல்லை. குழந்தை பெற்ற ஒருத்தியின் தோரணை. உள்ளே இருந்தது என் மகன்தானா என்று ஒரு கணம் சந்தேகப்பட்டேன். பிறகு அந்தச் சந்தேகத்துக்காக வெட்கப்பட்டேன்.

அவன் வெளியே வந்து பால் குடிக்கப் போனதும் பெட்டியை எடுத்து நானும் க்ளாசெட்டுக்குள் உட்கார்ந்து திருகைத் திருப்பினேன். இரைச்சல். அதற்கடியில் ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தாள். தாழ்ந்த, ஏற்ற இறக்கமில்லாத குரல். "அப்பா ஏழு மணிக்குத்தா வருவாரு. அதுவரைக்கும் நாம ரெண்டு பேருந்தா. தூங்கு சாமி. நாம ஊருக்குப் போயிரலாம். ஆருக்கும் சொல்ல வேண்டாம்." அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். பதில் வரும் என்பது போல நடுவில் நிறுத்தினாள். கோட்டுகள் என் தலையில் உரச, எவ்வளவு நேரம் அங்கே இருந்தேன் என்று தெரியவில்லை. பயந்தேன் என்று சொல்வது பாதி உண்மைதான். ஒரு தாய் தன் குழந்தையோடு தமிழில் பேசுவதைக் கேட்டுப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது.

அன்று இரவு ஃபேனைப் போட்டுக் கணவரிடம் சொன்னேன். அவர் இரண்டு நிமிடத்தில் விளக்கிவிட்டார். குழந்தை தூங்கும் அறையில் ஒரு பெட்டி வைத்து, சமையலறையில் இன்னொரு பெட்டியில் அதன் சத்தத்தைக் கேட்பார்களே, அந்த பேபி மானிட்டரும் இந்தப் பொம்மையும் ஒரே அலைவரிசை. வளாகத்தில் யார் வீட்டிலோ கைக்குழந்தை இருக்கிறது. பத்து நாற்பதுக்குத் தூங்க வைக்கிறாள்.

"பேய் பிசாசு ஒண்ணும் இல்ல. மானிட்டர். நாளைக்கு தெரபிஸ்ட்கிட்ட சொல்லப் போறியா?"

சொன்னால் எடுத்துவிடச் சொல்வார் என்றேன்.

"அப்ப சொல்லாத. வொர்க் ஆகுதுல்ல, விடு."

விட்டேன். பெட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு மனுஷி இருக்கிறாள் என்பதை அப்போது நாங்கள் யோசிக்கவில்லை. நோட்டின் ஐந்தாவது கட்டத்தைச் சொற்களின் எண்ணிக்கைக்கு மாற்றினேன். கதவுக்கு வெளியே நின்று, அவன் குரலில் வருவதை மட்டும் எண்ணினேன். முதல் வாரம் ஆறு. அடுத்த வாரம் புதன்கிழமைக்குள் இருபத்து மூன்று. வெளியே வந்தால் அதே மௌனம். என்னிடம் ஒரு சொல்லும் இல்லை. பெட்டியிடம் மட்டும்தான் பேசினான்.

அந்தப் புதன்கிழமை மதியம் அவனை அழைத்துக்கொண்டு லாண்டரி ரூமுக்குப் போனேன். உலர்த்தி ஓடிக்கொண்டிருந்தது. அதன் எதிரே பெஞ்சில், கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, இருபத்து நான்கு இருபத்தைந்து வயதில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். எங்களுக்கு எதிர்க் கட்டடத்தில் புதிதாக வந்தவர்கள். பார்த்திருக்கிறேன், பேசியதில்லை. என் நெற்றிப் பொட்டைப் பார்த்ததும், "ஏனுங்க்கா, தமிழுங்களா?" என்றாள்.

முதல் சொல்லிலேயே தெரிந்துவிட்டது. இரைச்சல் இல்லாமல் கேட்டபோது அது மிகவும் சின்னப் பெண்ணின் குரலாக இருந்தது. மகன் உலர்த்தியின் கண்ணாடிக்குள் துணி சுழல்வதைப் பார்த்துக்கொண்டிருந்தவன், திரும்பவில்லை. ஆனால் அவன் தலை லேசாகச் சாய்ந்தது.

அவள் குரலைத் தணித்துக்கொண்டு கேட்டாள். "அக்கா, நீங்க ரொம்ப நாளா இங்க இருக்கறீங்களா? இந்தப் பில்டிங்குல எப்பவாச்சும் கொழந்த ஏதாச்சும் செத்துருக்குங்களா?"

எனக்குப் புரியச் சில நொடிகள் ஆயின. குழந்தையைத் தூங்க வைத்துவிட்டுச் சமையலறைக்கு வந்தால் மானிட்டரில் இன்னொரு குழந்தை பேசுகிறதாம். நாலைந்து வயசுக் குழந்தை. அவள் சொன்ன வார்த்தையை அவளுக்கே திருப்பிச் சொல்கிறதாம். "என்ற பேச்சுலயே பேசுதுங்க்கா. நா ஓடிப் போயிப் பாத்தா இவ தூங்கிட்டு இருக்கறா. மூணு மாசக் கொழந்த." கணவனிடம் சொன்னாளாம். தூக்கம் இல்லாததால் அப்படித் தோன்றுகிறது என்றானாம். வாசலில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டியிருக்கிறாளாம்.

மகன் சில சமயம் பொத்தானை அழுத்திக்கொண்டு பேசியிருக்கிறான். அவள் பேச்சு எங்களுக்கு வந்த வழியிலேயே அவன் பேச்சு அவளுக்குப் போயிருக்கிறது.

ஒரு வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். என் பையன்தாம்மா அது, பொம்மை வாக்கி-டாக்கி, பயப்படாதே. அவன் என் பக்கத்தில்தான் நின்றான். ஆனால் சொன்னால் அவள் மானிட்டரை மாற்றிவிடுவாள், இல்லை அணைத்துவிடுவாள். பத்து நாற்பதுக்குப் பெட்டியில் வெறும் இரைச்சல்தான் இருக்கும். இருபத்து மூன்று மறுபடியும் பூஜ்யம் ஆகும். செப்டம்பரில் கிண்டர்கார்டன்.

"அப்படி ஒண்ணும் நான் கேள்விப்படலையேம்மா" என்றேன்.

துணி இன்னும் ஈரமாக இருந்தது. அப்படியே அள்ளிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஒன்பது நாள். ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ஒவ்வொரு நாளும் பத்து நாற்பதுக்கு க்ளாசெட் வாசலில் காய்கறிக் கத்தியோ துடைப்பமோ கையில் வைத்துக்கொண்டு நின்றேன். உள்ளே அவள் பேசுவாள், அவன் பதில் சொல்வான். "தூங்கு சாமி." "தூங்கறேன்." "அப்பா வந்துருவாரு." "ஏழு மணிக்கு." சொற்களின் எண்ணிக்கை நன்றாக வளர்ந்துகொண்டிருந்தது. முப்பது, முப்பத்தெட்டு, ஐம்பது. அந்த நாட்களில் அவன் பேச்சு என்னைப் பயமுறுத்தவில்லை, சந்தோஷப்படுத்தியது என்று எழுதியிருக்கிறேன். அதே பக்கத்தில் கீழே, புதிதாக வாங்கிய விலை கூடிய பாட்டரி நன்றாக உழைக்கிறது என்றும் எழுதியிருக்கிறேன்.

ஒன்பதாம் நாள் வெள்ளிக்கிழமை. முந்தின நாள் பெய்த பனி பார்க்கிங் லாட்டில் ஓரமாகத் தள்ளப்பட்டுக் கிடந்தது. பத்து நாற்பதுக்கு அவன் உள்ளே போனான். நான் அன்று கதவோரம் நிற்காமல் ஜன்னலுக்குப் போனேன். எதிர்க் கட்டடத்தின் முன் ஒரு கார் நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, பின்னால் புகை வந்தது. காரை எங்கும் எடுக்கும் உத்தேசம் இல்லை என்பது தெரிந்தது. ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் அவள் உட்கார்ந்திருந்தாள். கோட்டும் குல்லாவும் போட்டு, போர்வை சுற்றிய குழந்தையை மார்போடு வைத்துக்கொண்டு. வீட்டுக்குள் தனியாக இருக்கப் பயந்து ஹீட்டரைப் போட்டுக்கொண்டு காரில் உட்கார்ந்திருக்கிறாள். நேராகத் தன் வீட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் மூடியிருந்தது.

என் முதுகுக்குப் பின்னால் க்ளாசெட்டுக்குள் அவள் குரல் சொன்னது: "தூங்கு சாமி. நாம ஊருக்குப் போயிரலாம்."

கார்க் கண்ணாடிக்குள் அவள் உதடு அசையவில்லை.

"ஆருக்கும் சொல்ல வேண்டாம்" என்றது குரல்.

ஹாலில் பதினொரு அடி தூரம். பின்னாளில் அளந்து பார்த்தேன். அதைக் கடக்க வெகு நேரம் ஆனதாக எனக்கு நினைவு. கதவைத் திறந்தேன். அவன் வாக்குவம் க்ளீனரின் மேல் உட்கார்ந்து, மஞ்சள் பெட்டியைக் காதோடு வைத்துக் கண்களை மூடியிருந்தான். சிவப்பு விளக்கு எரியவில்லை. பெட்டியில் சத்தமே இல்லை. அவன் வாய் திறந்தது. அவளுடைய தாழ்ந்த குரலில், அவளுடைய நிறுத்தங்களோடு, "தூங்கு சாமி" என்றான். கொஞ்சம் பொறுத்து, தன் குரலில், "தூங்கறேன்" என்றான்.

பெட்டியை வாங்கிப் பின் மூடியைத் திறந்தேன். பாட்டரி மேல் என் கையெழுத்தில் 'திங்கள்' என்று இருந்தது. இந்த வாரத் திங்கள் இல்லை, போன வாரத் திங்கள். மகளிடம் இருந்த வேறொரு எலக்ட்ரானிக் கிட்டின் சின்ன பல்பை அதில் வைத்துப் பார்த்தேன். எரியவில்லை. எட்டு நாளாவது செத்துக் கிடந்திருக்க வேண்டும். மூன்று நாளுக்கு ஒரு பாட்டரி என்று கணக்கு வைத்திருந்தவள், பாட்டரி மாற்றாத நாட்களைப் பாட்டரியின் தரம் என்று எழுதி வைத்திருக்கிறேன். அவனுடைய சொற்கள் ஐம்பது என்று எண்ணியிருக்கிறேன். அவளுடையவை என்று நினைத்து எண்ணாமல் விட்டவையும் அவனுடையவைதான்.

அவனுக்குக் கோட்டு மாட்டி, செத்த பெட்டியையும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். இனிமேல் சொல்வதால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அது தெரிந்தேதான் இறங்கினேன். அதை மாற்றி எழுத விரும்பவில்லை.

கண்ணாடியைத் தட்டினேன். அவள் இறக்கினாள். பெட்டியைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். தமிழில், பாதையோரத்தில், மகன் கேட்க.  முடித்ததும் அவள் கேட்டாள்.

"எப்ப இருந்து தெரியுங்க்கா?"

"அன்னைக்கு லாண்டரில பேசினோமே. அதுக்கு முன்னாலயே."

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. "அந்த மானிட்டர அன்னிக்கு ராத்திரியே அவுரு டப்பாவுல போட்டு மூடி வெச்சுட்டாருங்க. அப்பவும் எனக்குக் கேட்டுட்டேதா இருந்துச்சு" என்றாள். பிறகு, சாதாரணமாக, "பைத்தியம் புடிச்சுருச்சுன்னு நெனச்சுட்டனுங்க்கா. அவுரும் அப்படித்தா நெனைக்கறாரு. திங்கக்கெழமைக்கு டிக்கெட் போட்டுட்டாரு. என்னய ஊருக்கு அனுப்பறாரு" என்றாள்.

அப்போது மடியிலிருந்த குழந்தை குளிர்க் காற்றுப் பட்டு விழித்து அழத் தொடங்கியது. அவள் குனிந்தாள். வாயைத் திறப்பதற்குள் என் மகன் கார்க் கதவின் விளிம்பைப் பிடித்து எக்கி, உள்ளே பார்த்து, அவளுடைய குரலில் சொன்னான்.

"அழுவாத சாமி. நா இருக்கறனல்லொ."

குழந்தை அழுகையை நிறுத்தியது. அவள் நிமிர்ந்து இருக்கையோடு ஒட்டிக்கொண்டாள். தன் குரல் ஒரு நாலே முக்கால் வயதுப் பையனின் வாயிலிருந்து வெளியே வருவதைப் பார்த்த அந்த முகத்தை நான் விவரிக்கப் போவதில்லை. அவனோ குழந்தையைப் பார்த்து முடித்துவிட்டு, அவளை நேராகப் பார்த்தான். "ஊருக்குப் போயிரலாம்" என்றான். இந்த முறை தன் குரலில்.

அவன் ஒரு மனிதரைப் பார்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. அந்த மனிதர் நான் இல்லை.

அவள் மெதுவாகக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.

அன்று மாலை நானும் கணவரும் அவர்கள் வீட்டுக்குப் போனோம். வாசலில் எலுமிச்சம்பழம் சுருங்கித் தொங்கியது. அவளுடைய கணவன் மரியாதையாக உட்கார வைத்துக் காபி கொடுத்தான். நாங்கள் சொன்னதை முழுவதும் கேட்டான். நம்பினான் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் ஊரில் அவள் அம்மா இருக்கிறார்கள், கொஞ்ச நாள் தூங்கட்டும் என்றான். அவள் உள்ளறையிலிருந்து வரவில்லை. அங்கே அவள் குழந்தையோடு பேசும் சத்தமும் இல்லை. திங்களுக்குப் பிறகு அந்தக் காரின் மேல் பனி விழுந்து, யாரும் தட்டாமல் கெட்டிப்பட்டு, அந்த மாதம் முழுக்க அப்படியே இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை அவர்கள் வீட்டிலிருந்து திரும்பியதும் மகள் தூங்கப் போனாள். கணவர் பழக்கத்தில் பாத்ரூம் பக்கம் போய் ஃபேனைப் போட்டார். நான் போய் அணைத்தேன். ஹாலுக்கு வந்து, தரையில் கட்டை அடுக்கிக்கொண்டிருந்த மகனுக்கு எதிரே உட்கார்ந்தேன். நீல நோட்டைத் திறந்து, அன்றைய கட்டத்தில் எண்ணிக்கைக்குப் பதில் அவன் சொன்ன சொற்களையே எழுதி முடித்துவிட்டு மூடினேன். அடுத்த வாரம் அதைத் தெரபிஸ்டிடம் கொண்டு போகவில்லை.

"சாப்பிடலாமாடா கண்ணா?" என்றேன். மதுரைத் தமிழில், என் சொந்தக் குரலில். பதினான்கு மாதத்துக்குப் பிறகு அது எனக்கே யாரோ பேசுவது போலிருந்தது.

அவன் கை நின்றது. தலை சாய்ந்தது. பக்கத்தில் கிடந்த செத்த மஞ்சள் பெட்டியை எடுத்துக் காதில் வைத்துக் கேட்டான். அதைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தான். அதில் ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகு, அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று தேடி, மிக மெதுவாக என் பக்கம் திரும்பினான்.